எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டர்: டெஸ்லா எண்ணைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

ஸ்கேன் சென்டர் போர்டுகளில் இப்போது டாக்டர் பெயரைவிடப் பெரிதாக இருப்பது எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமையைச் சொல்லும் டெஸ்லா எண்தான். 1.5 வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவுக்கு 3 வந்ததும் ரேட்டைக் குறைக்கிறார். 3 வைத்திருப்பவர் ‘இரு மடங்கு துல்லியம்’ என்று நோட்டீஸ் அடிக்கிறார். கையில் சீட்டோடு நிற்பவருக்கு இதில் எதை நம்புவது என்று புரிவதில்லை.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதுகு, கழுத்து, முழங்கால், சாதாரண மூளை ஸ்கேன் என்று வெளிநோயாளிகளுக்கு வழக்கமாக எழுதப்படுபவற்றுக்கு ஒழுங்காகப் பராமரிக்கப்படும் 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும். காந்த அறைக் கதவுக்கு வெளியே உங்களை எவ்வளவு நேரம் விசாரிக்கிறார்கள், சிக்னலைப் பிடிக்க உடம்பின்மேல் எந்த காயிலைப் போடுகிறார்கள், படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் யார் என்ற மூன்றை வைத்துத்தான் ஒரு சென்டரை மதிப்பிட வேண்டும். இவை மூன்றும் எந்த நோட்டீஸிலும் இருக்காது.

மெஷின்களிலிருந்து தொடங்கலாம். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அந்தப் புலத்தில் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும். 3 டெஸ்லாவில் சுமார் 128. எக்ஸ்ரேயும் சி.டி.யும் தரும் கதிர்வீச்சு இதில் கிடையாது. புலம் இரட்டிப்பானால் அந்தப் பதிலான சிக்னலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் சிக்னலை மெல்லிய ஸ்லைஸாக (உடம்பின் குறுக்குவெட்டுப் படமாக) எடுக்கச் செலவழிக்கலாம், இல்லை ஸ்கேன் நேரத்தைக் குறைக்கச் செலவழிக்கலாம். பல சென்டர்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன: ஒரு நாளைக்கு இன்னும் நாலு பேரை உள்ளே அனுப்பலாமே! 3 டெஸ்லா மெஷினில் அவசர அவசரமாக எடுத்த படம் 1.5-இல் பொறுமையாக எடுத்ததைவிட மோசமாக இருப்பது அதிசயமில்லை.

3 டெஸ்லாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாத இடங்கள் உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயில் மூளையின் மேலுறையிலிருக்கும் சிறு கோளாறைத் தேடுவது, பிட்யூட்டரி சுரப்பியின் சின்னக் கட்டி, புராஸ்டேட், மணிக்கட்டின் குருத்தெலும்பு, மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஆகியவை அந்த வகை. உடம்பில் பிளேட்டோ ஸ்க்ரூவோ இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். உலோகத்தைச் சுற்றி விழும் கறுப்புக் குழி 3 டெஸ்லாவில் பெரிதாகும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு 3 டெஸ்லாவில் படத்தின் நடுவே நிழல் விழுவதும் தெரிந்த சிக்கல். 1.5-க்கு மட்டும் அனுமதி பெற்ற இம்பிளான்ட்களும் (உடம்புக்குள் வைக்கும் சாதனங்களும்) நிறைய. போதாக்குறைக்கு, அதே வகைப் படத்தை எடுக்க ரேடியோ அலை உடம்பில் ஏற்றும் சூடும் 3-இல் சுமார் நாலு மடங்கு. மெஷின் அதை அளந்து கட்டுப்படுத்தும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்க வேண்டியிருப்பதால் ஸ்கேன் நேரம் நீளும்.

‘ஓபன் எம்.ஆர்.ஐ.’ என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை மேலும் கீழும் நிரந்தரக் காந்தம் வைத்த 0.2 முதல் 0.4 டெஸ்லா மெஷின்கள். பக்கவாட்டில் திறந்திருப்பதால் மூச்சடைப்பு பயம் உள்ளவர்களுக்கும் மிகப் பருமனானவர்களுக்கும் நிம்மதி. ரேட்டும் குறைவு. இடுப்பு டிஸ்க் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் சிக்னல் குறைவு, நேரம் அதிகம், கொழுப்பின் சிக்னலைத் தனியாக அடக்கிப் படமெடுக்கும் முறை சரியாக வேலை செய்யாது. மூளை, முழங்கால் ஜவ்வு, வயிறு என்று இதில் எடுத்துவிட்டு, கடைசியில் டாக்டர் “1.5-ல ஒருதடவை எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி இரண்டு பில் கட்டுவது வழக்கமாக நடக்கிற கதை. இன்னொன்றும் உண்டு: நிரந்தரக் காந்தத்தை அவசரத்துக்குக்கூட அணைக்க முடியாது. ‘புலம் கம்மிதானே’ என்று இந்த அறைகளில் கெடுபிடியைத் தளர்த்துவது தப்பு.

ஓபன் மெஷினுக்கும் 1.5-க்கும் நடுவே புதிதாக ஒரு வகை வந்திருக்கிறது. சீமென்ஸ் கம்பெனியின் ஃப்ரீ.மேக்ஸ் 0.55 டெஸ்லாதான், ஆனால் குழாயின் அகலம் 80 செ.மீ. வழக்கமான மெஷின்களில் இது 60, இல்லை 70. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஒரு லிட்டருக்கும் குறைவு. பழைய பாணி 1.5 மெஷின் மைனஸ் 269 டிகிரியில் ஆயிரம் லிட்டருக்கு மேல் ஹீலியத்தைச் சுமந்துகொண்டிருக்கும். ஃபிலிப்ஸின் புளூசீல் வகை 7 லிட்டரில் வேலையை முடித்துக்கொள்கிறது. ஹீலியம் குறைந்தால் சென்டருக்குச் செலவு குறையும். நோயாளிக்கு நேரடி லாபம் 80 செ.மீ. அகலமும், உலோக பிளேட்டைச் சுற்றி விழும் நிழல் சின்னதாவதும்தான். குறைந்த சிக்னலைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஈடுகட்டுகிறது. முதுகு, மூட்டு வேலைகளுக்கு இந்த வகை நன்றாகவே இருக்கிறது. நுணுக்கமான மூளை வேலைக்கு இன்னும் 1.5 அல்லது 3-தான்.

காயில் விஷயத்தை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். காந்தம் எத்தனை டெஸ்லாவாக இருந்தாலும் சிக்னலைப் பிடிப்பது உடம்பின்மேல் மாட்டும் ஆன்டெனாதான். முழங்காலுக்குத் தனி காயில் உண்டு. காலை உள்ளே வைத்து மூடினால் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். அது பழுதாகியிருந்தாலோ, முதலிலேயே வாங்காமல் விட்டிருந்தாலோ, வளையும் பொதுக் காயிலைச் சுற்றிக் கட்டி ஒப்பேற்றுவார்கள். படம் வரும், மெனிஸ்கஸ் என்ற ஜவ்வின் மெல்லிய கிழிசல் தெரியாமல் போகலாம். மார்பக எம்.ஆர்.ஐ.க்கு குப்புறப் படுக்கவைக்கும் தனி காயில் கட்டாயம். அது இல்லாத சென்டர் “பண்ணிடலாம்” என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு மார்பக ஸ்கேனை, அவசரமில்லாத பட்சத்தில், மாதவிலக்குத் தொடங்கிய 7-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையில் வைப்பதுதான் முறை. ரிசெப்ஷனில் தேதி கேட்காமலே அப்பாயின்ட்மென்ட் போட்டால், அவர்கள் அந்த ஸ்கேனை அடிக்கடி செய்வதில்லை என்று அர்த்தம்.

இனி கதவு. ஒரு சென்டரின் யோக்கியதை இங்கேதான் வெளிப்படும் என்பதால் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

காந்தம் எப்போதும் ஆனில்தான் இருக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையும், கரண்ட் போனாலும் அப்படித்தான். ‘மெஷின் ஆஃப்ல இருக்கு, வாங்க’ என்ற ஒரு வரியே ஆளைக் கொன்றிருக்கிறது. 2001-இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டரில் ஸ்கேனுக்குள் படுத்திருந்த 6 வயதுப் பையன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பறந்துவந்து தாக்கி இறந்தான். 2014-இல் நவி மும்பையில் டாடா மெமோரியலின் ஆய்வு மையத்தில் சிலிண்டரோடு சேர்ந்து இரண்டு பேர் மெஷினோடு ஒட்டிக்கொண்டு சுமார் நாலு மணி நேரம் சிக்கிக்கிடந்தார்கள். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர், கையில் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரிழந்தார். 2025 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கழுத்தில் சுமார் 9 கிலோ எடையுள்ள உடற்பயிற்சிச் சங்கிலியோடு அறைக்குள் நுழைந்த ஒருவர் இறந்தார். நாயர் மருத்துவமனையிலும் லாங் ஐலண்டிலும் பலியானவர் நோயாளி அல்ல, கூட வந்தவர் என்பதைக் கவனியுங்கள். நோயாளியைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கூட வந்தவரை ‘நீங்களும் வாங்க, பிடிச்சுக்கோங்க’ என்று இழுத்துக்கொண்டு போகும் சென்டர் எங்கள் மதிப்பீட்டில் தேறாது.

நல்ல சென்டரில் அறைகள் நாலு அடுக்காக இருக்கும். யாரும் வரக்கூடிய வரவேற்பறை, கேள்வி கேட்டு உடை மாற்றும் இடம், டெக்னீஷியன் கண்பார்வையிலேயே இருக்கும் கன்ட்ரோல் அறை, கடைசியாகக் காந்தம். மூன்றாவதுக்குள் யாரும் தானாக நுழைய முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி: காத்திருக்கும் நேரத்தில் காந்த அறைக் கதவு திறந்தே கிடக்கிறதா, ஹவுஸ்கீப்பிங் ஆள் கேட்பாரின்றி உள்ளே போய்வருகிறாரா என்று பாருங்கள். வார்டு ஸ்ட்ரெச்சர் கதவு வரைக்கும்தான் வர வேண்டும். அதற்கு மேல் காந்தம் இழுக்காத டிராலி. ஆக்சிஜன் தேவைப்பட்டால் சுவரிலுள்ள பைப் லைன், இல்லை அலுமினிய சிலிண்டர். இரும்பு சிலிண்டர் கன்ட்ரோல் அறையில் சாத்திவைக்கப்பட்டிருந்தால் அதைப் பற்றிக் கேட்கவே கூச்சப்பட வேண்டாம்.

விசாரணை இரண்டு முறை நடக்க வேண்டும். முதலில் படிவம், பிறகு டெக்னீஷியன் வாயால் அதே கேள்விகள். படிவத்தில் ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடித்தவர், “தலையில ஆபரேஷன் எதுவும்?” என்று நேரில் கேட்டால்தான் “ஆமா, பத்து வருஷம் முன்னாடி ஒரு கிளிப் வெச்சாங்க” என்பார். அந்தக் கிளிப்தான் பயங்கரம். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பழைய கிளிப்களில் சில காந்தத்தால் திரும்பக்கூடிய ஸ்டீல். திரும்பினால் குழாய் கிழியும். ஆபரேஷன் குறிப்பில் கம்பெனி, மாடல் தெரியாமல் உள்ளே அனுப்பக் கூடாது.

நம் ஊர் ஆட்களிடம் தனியாகத் துருவ வேண்டியவை சில உண்டு. தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஊக்கு இரும்பு, கழுத்தில் இருந்தபடியே அது விறைத்து நிற்கும். தாலியைக் கழற்றத் தயங்குபவரிடம் ‘தங்கம்தானே, இருக்கட்டும்’ என்று டெக்னீஷியன் விட்டுவிடும்போதுதான் இந்த ஊக்கு உள்ளே போகிறது. சங்கிலி வளையமாக இருப்பதால் சூடாகும் என்பது தனிக் கவலை. மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி முன்கூட்டியே போனில் சொல்வது நல்ல சென்டரின் லட்சணம். அடுத்தது அரைஞாண் கொடி, தாயத்து: உள்ளே சுருட்டி வைத்த தகடு என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை இடுப்பில் இருப்பதை அம்மாவே மறந்திருப்பார். திருகு மூக்குத்தி வருஷக்கணக்கில் கழற்றாததால் இறுகியிருக்கும். மூளை ஸ்கேனுக்கு அன்றைக்கு அங்கே போராடாமல், முந்தின நாளே நகைக்கடையில் கழற்றிவிட்டு வருவது மேல். மெட்டி, கொலுசு, ஜாக்கெட் ஹூக், கொண்டை ஊசி, சேலைப் பின் எல்லாம் போக, ஒரே வழி சொந்த உடையை மொத்தமாகக் கழற்றி சென்டரின் கவுனுக்கு மாறுவதுதான். ‘ஷர்ட்டை மட்டும் கழட்டுங்க, பேன்ட் ஜிப் பரவால்ல’ என்ற சலுகை வேண்டாம்.

வெல்டிங், கிரைண்டிங், லேத் பட்டறை வேலை செய்தவரிடம் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா, அதை டாக்டர் எடுத்தாரா என்று கேட்டாக வேண்டும். கண்ணுக்குள் தெரியாமல் தங்கிய இரும்புத் துணுக்கு காந்தத்தில் நகர்ந்து பார்வை பறிபோனதாக 1980-களிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். செலவு மிகக் குறைவு. பட்டறைகள் நிறைந்த கோயம்புத்தூர், அம்பத்தூர் பக்கத்து சென்டர்களின் படிவத்தில் இந்தக் கேள்வி முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இம்பிளான்ட் விஷயத்தில் பயமும் தைரியமும் இரண்டுமே அளவுக்கு மீறி இருக்கின்றன. மருத்துவச் சாதனங்களுக்கு மூன்று அடையாளம் உண்டு: பச்சைச் சதுரம் என்றால் பிரச்சினையே இல்லை, மஞ்சள் முக்கோணம் என்றால் சொல்லப்பட்ட நிபந்தனைக்குள் மட்டும், குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் என்றால் அறைக்குள்ளேயே வரக் கூடாது. இதய ஸ்டென்ட் வைத்தவரை ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது பழைய பழக்கம். இன்றைய ஸ்டென்ட்களில் பெரும்பாலானவை வைத்த உடனேயே நிபந்தனைக்கு உட்பட்டு எடுக்கக்கூடியவை; ஸ்டென்ட் கார்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். டைட்டானியம் பிளேட், செயற்கை மூட்டு, காப்பர்-டி ஆகியவற்றால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். மூட்டைச் சுற்றிப் படம் கெடும், அவ்வளவுதான். உலோக நிழலைக் குறைக்கும் தனி முறையில் எடுப்பீர்களா என்று கேளுங்கள். பல்லில் கிளிப் மாட்டியவருக்கு முகத்துக்குப் பக்கத்துப் படங்கள் இழுபடும். மூளையின் பின்பகுதிக்கு அவ்வளவு பாதகமில்லை.

பேஸ்மேக்கர் வேறு ரகம். ஸ்கேனுக்கேற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 2011-இல் வந்தது. இப்போது வைக்கப்படுபவற்றில் பல அந்த வகை. ஆனாலும் பேட்டரிப் பெட்டியும் இதயத்துக்குப் போகும் வயரும் இரண்டுமே அந்த வகையாக இருக்க வேண்டும். பெட்டியை மாற்றிவிட்டு பழைய வயரை உள்ளேயே விட்டிருந்தால் கதை மாறும். ஸ்கேனுக்கு முன் புரோகிராமர் என்ற கருவியால் எம்.ஆர்.ஐ. மோடுக்கு மாற்ற வேண்டும், ஸ்கேன் முழுக்க நாடித்துடிப்பைக் கண்காணிக்க வேண்டும், முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். இதய டாக்டரோ கம்பெனி ஆளோ வராமல் “எடுத்துடலாம்” என்று சொல்லும் இடத்தில் எடுக்கக் கூடாது. மூளை நீரை வடிக்கும் ஷன்ட்டில் அளவை மாற்றக்கூடிய வால்வு இருந்தால், ஸ்கேன் அந்த அளவை மாற்றிவிடக்கூடும். எடுத்த அன்றே நியூரோ டாக்டரிடம் சரிபார்க்க வேண்டும். காது கேட்க வைத்த காக்ளியர் இம்பிளான்ட்டுக்கும் மாடலைப் பார்த்தே முடிவு. இன்சுலின் பம்ப், காது மெஷின் எதுவானாலும் வெளியே.

தீக்காயம் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு வரும் எம்.ஆர்.ஐ. விபத்துப் புகார்களில் அதிகம் இருப்பதே சூட்டுக் காயம்தான். ரேடியோ அலை மின்சாரம் ஓடக்கூடிய வளையத்தைத் தேடும். இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டால் வளையம். தொடையும் தொடையும் வெற்றுத்தோலாக ஒட்டினாலும் வளையம். காயில் வயர் உடம்பின்மேல் சுருண்டு கிடந்தால் அதுவும். டெக்னீஷியன் உங்கள் முழங்கால்களுக்கு நடுவே துணியோ ஸ்பான்ஜோ வைத்து, கையைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி, குழாய்ச் சுவரில் முழங்கை படாமல் ஒரு பேட் செருகினால், அவருக்குத் தொழில் தெரியும். பருமனானவர்களுக்கு இந்தக் கடைசி பேட் மிக முக்கியம். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் அலுமினியத் தாள் இருக்கும். வலிப் பட்டை, நிகோட்டின் பட்டை எதுவானாலும் சொல்லிவிடுங்கள். வியர்வை நாற்றம் வராமலிருக்க வெள்ளி இழை நெய்த ஜிம் பனியனும் சுடும். மூக்குப் பக்கம் கம்பி வைத்த மாஸ்க்கும் அப்படியே. பச்சை குத்தியவர்களுக்கு எப்போதாவது அந்த இடம் சுரீரென்று சூடாகும். பெரிய டாட்டூ என்றால் ஈரத்துணி வைப்பார்கள்.

இதோடு சேர்ந்தது எடை. உடம்பு எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்று மெஷின் கணக்குப் போடுவது நீங்கள் சொல்லும் கிலோவை வைத்துத்தான். வழக்கமான வரம்பு, முழு உடம்புக்கும் கிலோவுக்கு 2 வாட். மேற்பார்வையோடு 4 வரை. 55 கிலோ ஆளுக்கு உத்தேசமாக 80 என்று தட்டினால் அந்தக் காவலே பொய்யாகிவிடும். எடை மெஷின் இல்லாத, எடையைக் கேட்காத சென்டருக்கு நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம். உள்ளே கை, கால் எங்காவது சுட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்துங்கள். அது வேலை செய்கிறதா என்று உள்ளே போகும் முன்பே ஒருதரம் அழுத்திப் பார்ப்பது உங்கள் உரிமை.

சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பஞ்சைக் காதில் திணிப்பது பாதுகாப்பு ஆகாது. நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேல்நோக்கி இழுத்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை சில நொடி பிடித்திருக்க வேண்டும். 3 டெஸ்லா என்றால் அதற்கு மேல் ஹெட்ஃபோனும்.

குழாய்க்குள் பயப்படுபவர்கள் முழங்கால், இடுப்பு ஸ்கேன்களுக்குக் கால் முன்னால் போகும்படி படுக்கவைக்கச் சொல்லலாம். தலை வெளியிலோ வாசலுக்குப் பக்கத்திலோ இருக்கும். தூங்க ஊசி போட்டு எடுக்க வேண்டுமென்றால் மயக்க டாக்டரும், காந்த அறையில் வைக்கக்கூடிய மானிட்டரும் இருந்தே ஆக வேண்டும். சின்னக் குழந்தைக்கு ‘சிரப் கொடுத்துட்டு வாங்க, தூங்கிடும்’ என்று வீட்டிலேயே மருந்து கொடுக்கச் சொல்லும் பழக்கம் ஆபத்து. மயக்கத்துக்கு முன் கெட்டி உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம் நிறுத்துவது வழக்கமான விதி.

சில இடங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு வருவோம். இது கடோலினியம், சி.டி.யில் போடும் அயோடின் டை இல்லை. அயோடின் ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தமில்லை, ஆனாலும் அலர்ஜி விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பெரும்பாலான மருந்துகளில் இது கிலோவுக்கு 0.2 மி.லி., ஆக 70 கிலோ ஆளுக்கு 14 மி.லி.; அடர்த்தி இரட்டிப்பான கடோபியூட்ரால் என்றால் அதே ஆளுக்கு 7 மி.லி. மருந்துகளில் இரண்டு வகை: கடோலினியத்தைக் கூண்டுக்குள் அடைத்தது போலப் பிடித்திருக்கும் வளைய வகை, தளர்வாகப் பிடித்திருக்கும் நேர்கோட்டு வகை. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் என்.எஸ்.எஃப். என்ற நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு 2006-இல் வெளியானது. அதில் பெரும் பங்கு நேர்கோட்டு வகையின் சில மருந்துகளுக்கு. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை அவற்றை நிறுத்தவும் கட்டுப்படுத்தவும் சொன்னது. எனவே சென்டரில் மருந்தின் பெயரைக் கேளுங்கள். கடோடெரேட், கடோபியூட்ரால், கடோடெரிடால் என்றால் வளைய வகை. சர்க்கரை நோயாளி, பிரஷர் நோயாளி, கிட்னி பிரச்சினை உள்ளவர் என்றால் சமீபத்திய கிரியேட்டினின் ரிப்போர்ட் கையோடு இருக்கட்டும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் போனால் டாக்டர் யோசித்தே முடிவெடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேறு வழியே இல்லாத நிலை தவிர இந்த ஊசி கூடாது. ஊசி இல்லாத ஸ்கேன் தேவைப்பட்டால் எடுக்கலாம். பால் கொடுக்கும் தாய் நிறுத்த வேண்டியதில்லை.

டிஸ்க் விலகலுக்கும் முழங்கால் ஜவ்வுக்கும் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. கட்டி, சீழ், மூளைக்காய்ச்சல், ஆபரேஷன் செய்த முதுகு என்றால் தேவை. கேட்காமலே ‘வித் கான்ட்ராஸ்ட்’ என்று பில்லில் சேர்த்தால், எதற்காக என்று படத்தைப் படிக்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் வாயால் கேளுங்கள். பித்தக்குழாய் பார்க்கும் எம்.ஆர்.சி.பி.க்கு ஊசியே இல்லாமல் வேலை நடக்கும். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு போதும். சில இடங்களில் அன்னாசி ஜூஸ் குடிக்கக் கொடுப்பார்கள். அதிலுள்ள மாங்கனீஸ், வயிற்று நீரின் வெள்ளையை அடக்கிப் பித்தக்குழாயைத் தனியாகத் தெரியவைக்கும். உபசாரம் என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சேவையை வாங்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஸ்கேன் சென்டர்கள் இதைச் சொல்லப்போவதில்லை. புதிதாக வந்த சாதாரண முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. காலில் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடம் மரத்துப்போவது, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே. காரணம் இதுதான்: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பல்ஜ் (டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது) இருந்தது. ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 பல்ஜ்’ என்று வந்ததும் ஆளே பாதியாகிவிடுகிறார். அந்தப் பல்ஜ் வலிக்கு முன்பே இருந்திருக்கலாம். ‘முழு உடல் எம்.ஆர்.ஐ. பேக்கேஜ்’ இதைவிட மோசம்: அறிகுறி இல்லாதவருக்கு அது பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2023-இல் சொல்லிவிட்டது. கிட்னிக் கல், நுரையீரல், சைனஸ் எலும்பு ஆகியவற்றுக்கு சி.டி.தான் மேல்.

ரேட் பற்றிச் சுருக்கமாக. ஒரே ஊரில் ஒரே ஸ்கேனுக்கு சென்டருக்கு சென்டர் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் வெளியைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் எடுக்கின்றன. காத்திருப்பு உண்டு, கூட்டம் உண்டு, ஆனால் ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் நோய்களின் வகையைத் தெருமுனை சென்டர் பார்ப்பதில்லை.

கடைசியாக, கையில் என்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது. ஃபிலிம் மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான படங்களில் சிலதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிய ஷீட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். அறுவை டாக்டருக்கு வேண்டிய ஸ்லைஸ் அதில் இல்லாமல் போகலாம். எல்லாப் படங்களையும் டைகாம் என்ற மருத்துவக் கோப்பு வடிவில், சி.டி. தட்டாகவோ டவுன்லோடு லிங்க்காகவோ கேட்டு வாங்குங்கள். ஃபோன் கேமராவில் எடுத்த ஃபிலிம் போட்டோ எதற்கும் உதவாது. பெயர், வயது, இடதா வலதா என்பதை கவுன்டரிலேயே சரிபாருங்கள். படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஸ்லைஸ் கனம் இருக்கும்: மூளைக்கு 5 மி.மீ., முழங்காலுக்கு 3 மி.மீ. சுற்றுவட்டாரம் என்றால் சரி. முழங்காலுக்கு 5 என்றிருந்தால் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டைத் தொலைவிலிருந்து படித்து எழுதுவதில் தவறில்லை, ஆனால் டாக்டர் எழுதிய சீட்டும் பழைய ஸ்கேனும் ரிப்போர்ட் எழுதுபவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். கட்டியின் அளவை ஆறு மாதம் கழித்து ஒப்பிட வேண்டியிருந்தால், முடிந்தவரை அதே மெஷினில், அதே முறையில் எடுப்பது நல்லது. ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயரும் எத்தனை மி.லி. என்பதும் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த சென்டரில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.